பேக்மேன் மட்டும் பறக்கிறார், பேய்கள் நடக்கின்றன: வேக சீட் கோடு பற்றி ஒரு சந்தேகம்

காசுபோட்டவன் (சனி, இரவு 10:12)

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் வீட்டுக் கணினியில் மேம் நிறுவினேன். டீச்சரைக் கூப்பிடுகிற மேம் இல்லை, பழைய ஆர்கேட் எந்திரங்களைக் கணினியில் ஓட்டுகிற எமுலேட்டர். மகள் எட்டாவது படிக்கிறாள். அவளை உட்காரவைத்து, "இது 1980இல் வந்தது, அப்பா பிறப்பதற்கும் முன்னால்" என்று பெருமையோடு பேக்மேனைக் காட்டினேன், பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளைத் தின்றபடி ஓடுகிற ஆட்டம். இரண்டு நிமிடம் ஆடினாள். "ஏம்பா இவ்வளவு ஸ்லோவா இருக்கு? ஸ்பீடு பண்ண முடியாதா?"

சரி என்று எமுலேட்டரின் ஃபாஸ்ட் ஃபார்வர்டு விசையை அழுத்திப் பிடித்தேன். பேய், பாட்டு, பழம் என்று எல்லாமே தலைதெறிக்க ஓடியது. மூன்று உயிரும் போய்விட்டது, அவளுக்குச் சிரிப்பு வேறு.

அப்புறம் பட்டியலைக் கிளறியபோது பேக்மேன் என்ற பெயரிலேயே பல தொகுப்புகள் இருப்பது தெரிந்தது. அதில் ஒன்றின் பக்கத்தில் 'ஸ்பீட்அப் ஹேக்' என்று போட்டிருந்தது. அதை ஓட்டிப் பார்த்தால் பேய்கள் பழைய நடையில்தான் நடக்கின்றன. பாட்டும் பழைய தாளத்தில்தான். பேக்மேன் மட்டும் வாலில் தீ வைத்த அனுமார் மாதிரி ஓடுகிறார்.

இது எப்படி நடக்கிறது? எமுலேட்டர் செய்கிற வேலையா, ஆட்டத்துக்குள்ளேயே ஏதாவது மாற்றியிருக்கிறார்களா? இதை யார், எதற்காகச் செய்தார்கள்? மூன்றாவது கேள்விதான் வீட்டில் பெரிய பஞ்சாயத்து: வேகத் தொகுப்பில் எடுத்த ஸ்கோர் செல்லுமா? செல்லும் என்கிறாள் மகள். அவள்தான் முன்னணியில் இருக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

சைடுபாக் (சனி, இரவு 10:20)

பேக்மேனுக்கு மட்டும் ஃபில்டர் காபி கொடுத்திருப்பார்கள்.

---

நெறியாளர் (சனி, இரவு 10:31)

பேசுங்கள், நல்ல தலைப்பு. ரோம் (ஆட்டத்தின் நிரல் பதிந்த சில்லின் நகல் கோப்பு) எங்கே கிடைக்கும் என்று கேட்பதும் இணைப்பு கொடுப்பதும் மட்டும் வேண்டாம். வழக்கமான விதிதான்.

---

பதினாறடிமானம் (சனி, இரவு 11:48)

காசுபோட்டவன் அண்ணா, இந்த ஒரு ஹேக்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஆட்டத்தை வேகப்படுத்துவது என்பது இரண்டு வேறு வேலைகள். ஒன்று, கடிகாரத்தையே முடுக்குவது. எமுலேட்டரில் நீங்கள் செய்தது அது. ஒரு நொடிக்கு 60 தடவை நடக்க வேண்டியது 200 தடவை நடந்தால் எல்லாரும் சேர்ந்தே ஓடுவார்கள். இன்னொன்று, ஓர் ஆளை மட்டும் முடுக்குவது. இதற்கு ஆட்டத்தின் நிரலுக்குள் போய் அந்த ஆளின் நடையைக் கட்டுப்படுத்தும் இடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். நீங்கள் பார்த்த தொகுப்பு இரண்டாவது வகை. எமுலேட்டருக்கு இதில் பங்கே இல்லை. அசல் பலகையில் சில்லை மாற்றிப் பொருத்தினாலும் இதேதான் நடக்கும்.

பேக்மேனில் யார் எவ்வளவு வேகம் போகலாம் என்பதைக் கிட்டத்தட்ட ரேஷன் அட்டை மாதிரி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் 32 கட்டம் போட்ட ஓர் அட்டை, அதாவது 32 பிட். நகரும் முறை வரும்போதெல்லாம் அட்டையில் அடுத்த கட்டத்தைப் பார்க்கிறது. 1 இருந்தால் திரையில் ஒரு பிக்சல் நகரலாம், 0 இருந்தால் சும்மா நிற்க வேண்டும். 32 முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. 1 எத்தனை என்பதுதான் வேகம். பேக்மேனுக்கே இரண்டு அட்டை: சாதாரண நேரத்துக்கு ஒன்று, பெரிய மாத்திரையை விழுங்கிய நேரத்துக்கு ஒன்று. பேய்களுக்குத் தனி அட்டைகள். ஆட்டத்தின் முதல் கட்டத்தில் (லெவலில்) பேக்மேன் 80 சதவீத வேகம், பேய் 75 சதவீதம்.

இது போக ஓர் அபராதமும் உண்டு. ஒவ்வொரு புள்ளியைத் தின்னும்போதும் பேக்மேன் ஒரு பிரேம், அதாவது நொடியில் 60இல் ஒரு பங்கு, நிற்கிறார். பெரிய மாத்திரை என்றால் மூன்று பிரேம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் புள்ளி நிறைந்த பாதையில் பேய் நம்மை எட்டிப் பிடிப்பதும், காலிப் பாதையில் நாம் தப்புவதும் இதனால்தான்.

இனி ஹேக். ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்களைத் தமிழில் எழுதினால் படிக்க முடியாது என்பதால் சாதாரண எண்ணாகவே தருகிறேன். பேக்மேன் நகரும் பகுதியின் தொடக்கத்தில் 6155ஆவது முகவரியிலிருந்து இந்த ஆறு பைட்டுகள் இருக்கின்றன:

190, 202, 17, 24, 53, 201

இசட்80 செயலி இதைப் படிக்கும் விதம்: 190 என்றால் 'அந்த அபராதக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்'. 202, 17, 24 மூன்றும் சேர்ந்து 'அபராதம் இல்லையென்றால் இந்த முகவரிக்குத் தாவு'. அங்கேதான் ரேஷன் அட்டை காத்திருக்கிறது. 53 என்றால் 'அபராதத்தில் ஒன்றைக் கழி'. 201 என்றால் 'திரும்பிப் போ, இந்தத் தடவை நகர்வு கிடையாது'.

ஹேக் செய்தவர் முதல் பைட்டை மட்டும் 190இலிருந்து 1 ஆக்கினார். 1 என்றால் 'அடுத்து வரும் இரண்டு பைட்டை ஓர் எண்ணாக எடுத்து வைத்துக்கொள்'. ஆகவே 202உம் 17உம் கட்டளையாக இல்லாமல் வெறும் எண்ணாகக் கரைந்துவிடுகின்றன. மிச்சம் 24, 53. இசட்80இல் 24 என்றால் 'இங்கிருந்து இத்தனை பைட் தள்ளித் தாவு'. எத்தனை? 53. முன்பு முகவரியின் பாதியாக இருந்த 24 இப்போது கட்டளை. முன்பு கட்டளையாக இருந்த 53 இப்போது தூரம். 53 பைட் தாவினால் அபராதமும் இரண்டு ரேஷன் அட்டைகளும் பின்னால் போய்விடுகின்றன. பேக்மேனைத் தடுக்க ஆளே இல்லை.

நம் ஊரில் பிரிமொழிச் சிலேடை என்று ஒன்று உண்டே, 'பலகையொலி'யைப் பலகை ஒலி என்றும் பிரிக்கலாம், பல கை ஒலி என்றும் பிரிக்கலாம். அதேதான். எழுத்துகள் அங்கேயே இருக்கின்றன, பிரியும் இடம் மாறியது, பொருள் மாறிவிட்டது. புதிதாக ஒரு வரிகூட எழுதாமல், இருக்கிற பைட்டுகளையே வேறு விதமாகப் படிக்கவைத்திருக்கிறார். இதைச் செய்தவர் யாராக இருந்தாலும் காலில் விழலாம்.

பேய்களின் பகுதி வேறு இடத்தில் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. அதனால் அவை பழைய ரேஷனிலேயே நடக்கின்றன.

---

மின்மினி (சனி, இரவு 11:59)

தூங்கப் போனவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சிலேடை உதாரணம் அருமை.

ஒரு சந்தேகம். அந்தக் கால ஆர்கேட் பலகைகள் மின்சாரம் வந்ததும் சுயபரிசோதனை செய்யும் அல்லவா? ரோமில் ஒரு பைட் மாறினாலும் கூட்டுத்தொகை தப்பாகி 'ரோம் பழுது' என்று நின்றுவிடாதா?

---

பதினாறடிமானம் (ஞாயிறு, அதிகாலை 12:15)

நிற்கும். அதற்காகத்தான் இரண்டாவது மாற்றம். அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

பேக்மேன் பலகை ஒவ்வொரு சில்லின் பைட்டுகளையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும், முதலில் இரட்டைப்படை முகவரிகள், அப்புறம் ஒற்றைப்படை. கூட்டுத்தொகை 256இன் மடங்காக வர வேண்டும். 6155இல் இருந்த 190ஐ 1 ஆக்கியதும் கூட்டுத்தொகையில் 189 குறைகிறது. அதே சில்லின் கடைசிப் பக்கம் 8189ஆவது முகவரியில் 0 இருந்தது. அங்கே 189ஐ வைத்துவிட்டார். 190 + 0 = 1 + 189. இரண்டும் ஒற்றைப்படை முகவரி என்பதையும் கவனியுங்கள். பரிசோதனை எல்லாம் சரி என்று சொல்லி உள்ளே விட்டுவிடும்.

ஆக மொத்த ஹேக்கும் இரண்டு பைட். ஒன்று வேலைக்கு, இன்னொன்று கணக்கை நேர் செய்ய.

---

சைடுபாக் (ஞாயிறு, காலை 7:05)

கணக்குப்பிள்ளை மூளை. கல்லாவில் எடுத்ததை இன்னொரு தலைப்பில் எழுதிவைப்பது.

---

டொராண்டோ_தம்பி (ஞாயிறு, காலை 8:40)

அண்ணைமாருக்கு வணக்கம். நான் இங்கே வந்த புதிதில் ஒரு பீட்சாக் கடையில் இரவு வேலை செய்தேன். கடை மூலையில் மிஸ் பேக்மேன் எந்திரம் ஒன்று நின்றது. அது வேக வகை என்று எனக்குத் தெரியாது, மிஸ் பேக்மேன் என்றாலே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். கனகாலம் கழித்து வேறோர் இடத்தில் சாதாரண எந்திரத்தைக் கண்டபோது "இது பழுதாகிப் போச்சு" என்று அங்கே நின்ற பொடியனிடம் சொன்னது இன்றைக்கும் ஞாபகம். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

வட அமெரிக்காவில் இந்த வேக மிஸ் பேக்மேன் நிறைய இடங்களில் இருக்கிறது. கடைக்காரருக்கு என்ன லாபம் என்று பிறகுதான் விளங்கியது. பழகிய ஆள் 25 சென்ட் போட்டுவிட்டு நெடுநேரம் அசையமாட்டான். வேகமாக்கினால் அதே ஆட்டம் சீக்கிரம் முடியும், அடுத்த காசு விழும்.

மிஸ் பேக்மேனே ஒரு ஹேக்காகத் தொடங்கியது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியுமோ தெரியாது. 1981இல் ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்ற சின்ன நிறுவனம் பேக்மேன் பலகையில் பொருத்துகிற ஒரு கூடுதல் தொகுப்பைச் செய்தது. பெயர் கிரேசி ஓட்டோ. அதை அமெரிக்காவில் பேக்மேனை விற்ற மிட்வே நிறுவனத்திடம் கொண்டுபோய்க் காட்ட, அது மிஸ் பேக்மேனாக 1982இல் வெளியே வந்தது. ஹேக்குக்கு மேலே இன்னொரு ஹேக் ஏறியதுதான் நான் அந்தக் கடையில் ஆடியது.

---

கறுப்புக்கோட்டு (ஞாயிறு, காலை 10:22)

'யார், எதற்காக' என்ற கேள்விக்கு நீதிமன்றப் பக்கத்திலிருந்து ஒரு பதில். ஆட்டத்தை வேகமாக்குவது குற்றமா என்று அமெரிக்காவில் உண்மையிலேயே வழக்கு நடந்திருக்கிறது.

மிட்வே எதிர் ஆர்ட்டிக் இன்டர்நேஷனல். ஏழாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், 1983. ஆர்ட்டிக் விற்ற பலகைகளில் ஒன்று, மிட்வேயின் கேலக்ஸியன் எந்திரத்தில் பொருத்தினால் ஆட்டத்தை வேகமாக்கும். இன்னொன்று பேக்மேன் போலவே ஓர் ஆட்டத்தைக் காட்டும். இரண்டாவதில் பெரிய சிக்கல் இல்லை, நகல்தான். முதலாவதுதான் சுவாரசியம். வேகமாக்கப்பட்ட ஆட்டம் மூலப் படைப்பிலிருந்து கிளைத்த புதிய படைப்பா?

நீதிமன்றம் இசைத்தட்டை உதாரணமாக எடுத்துக்கொண்டது. 33 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 45இல் ஓட்டினால் கீச்சுக்குரல்தான் வரும், அதை யாரும் புதிய படைப்பு என்று சொல்லமாட்டார்கள். வீடியோ கேம் அப்படி இல்லை. வேகமாக்கினால் சவால் கூடுகிறது, ஆட்டம் சீக்கிரம் முடிகிறது, காசு அதிகம் சேருகிறது. அந்தக் கூடுதல் காசில் உரிமையாளரும் பங்கு கேட்பார்தானே? ஆகவே கிளைப் படைப்பு, அனுமதியில்லாமல் செய்யக்கூடாது. டொராண்டோ தம்பி பீட்சாக் கடையில் கண்டுபிடித்த அதே காசுக் கணக்கு.

இதன் அடுத்த பாகம் கேம் ஜீனி, நின்டெண்டோ கன்சோலில் சீட் கோடு போட உதவும் கருவி. கோட்மாஸ்டர்ஸ் வடிவமைத்து, அமெரிக்காவில் கலூப் நிறுவனம் விற்றது. நின்டெண்டோ வழக்குப் போட்டது, ஆர்ட்டிக் தீர்ப்பையே எடுத்துக் காட்டியது. ஒன்பதாவது சர்க்யூட் 1992இல் கலூப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கேம் ஜீனி எதையும் நகலெடுக்கவில்லை, கேசட்டுக்கும் கன்சோலுக்கும் நடுவில் உட்கார்ந்து சில பைட்டுகளை மட்டும் மாற்றிச் சொல்கிறது, மின்சாரத்தை நிறுத்தினால் அத்தனையும் போய்விடுகிறது என்பது வாதம். வழக்கு நடந்த காலத்தில் விற்பனையை முடக்கி வைத்ததற்காக நின்டெண்டோ கட்டிய பிணைத்தொகை ஒன்றரைக் கோடி டாலர் கலூப்புக்குப் போனது.

சில்லை மாற்றி விற்றால் தப்பு, நடுவில் நின்று மாற்றிச் சொன்னால் சரி. கேட்க விசித்திரமாக இருக்கும். நான் இரண்டு தீர்ப்பையும் முழுக்கப் படித்தவன், எனக்கும் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

---

காசுபோட்டவன் (ஞாயிறு, பகல் 12:50)

அப்படியானால் மகளுடைய ஸ்கோர் கிளைப் படைப்பு. சொல்லிவிடுகிறேன்.

---

மின்மினி (ஞாயிறு, பகல் 1:30)

சொல்லாதீர்கள் சார், நான் அவள் கட்சி.

வேகத் தொகுப்பு சுலபம் என்று எல்லாரும் நினைக்கிறீர்கள். முதல் நாலைந்து கட்டத்துக்குச் சுலபம்தான், பேய் எட்டவே எட்டாது. ஆனால் பேக்மேனில் கரைகண்டவர்கள் ஆடுவது மனப்பாடத்தில். பேய்கள் சொந்தமாக எதையும் யோசிப்பதில்லை. நாம் இருக்கிற இடத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் திரும்புகின்றன, ஒவ்வொரு கட்டமும் ஒரே மாதிரி தொடங்குகிறது. அதனால் ஒரே பாதையில் ஒரே மாதிரி ஓடினால் பேய்களும் ஒரே மாதிரி வரும். இதைக் கோலப்புள்ளி மாதிரி வரைந்து வைத்துப் பழகுவார்கள். பேக்மேனின் வேகம் மாறினால் அத்தனை மனப்பாடமும் குப்பை. பழகியவருக்கு அது வேறு ஆட்டம்.

என் கணவர் மனப்பாடக் கோஷ்டி. வேகத் தொகுப்பில் இரண்டாவது திருப்பத்திலேயே சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். விரல் பழைய கணக்கில் அழுத்துகிறது, ஆள் ஏற்கெனவே திருப்பத்தைத் தாண்டிவிட்டார்.

---

எட்டணா_எட்டுபிட் (ஞாயிறு, மாலை 4:10)

மின்மினி அக்கா சொன்னதை அப்படியே ஏற்கமாட்டேன். கஷ்டமோ சுலபமோ, ஆட்டம் நமக்கும் எதிரிக்கும் ஒரே சட்டம் போடுகிறது. நமக்கு மட்டும் சட்டத்தைத் தளர்த்தினால் அது திருட்டு ஆட்டம்தான். கடிகாரத்தை முடுக்குவது வேறு. அதில் பேயும் வேகம், நானும் வேகம், யாருக்கும் சலுகை இல்லை.

டூமில் இதை அழகாகக் கையாண்டிருக்கிறார்கள். 1993 ஆட்டம். தொடங்கும்போது கட்டளை வரியில் டர்போ என்று எழுதி ஓர் எண் கொடுக்கலாம். 100 என்றால் சாதாரண நடை, எண் கொடுக்காவிட்டால் 200. அரக்கர்கள் பழைய வேகத்திலேயே இருப்பார்கள், நாம் மட்டும் பறக்கலாம். பேக்மேன் ஹேக்கின் அதே வகை. ஆனால் நாலு பேர் சேர்ந்து ஆடும்போது யாராவது இதைப் போட்டிருந்தால் மற்றவர்கள் திரையில் 'பச்சை டர்போவில் இருக்கிறார்' என்ற பொருளில் ஒரு வரி வந்துகொண்டே இருக்கும். ஊருக்கே தண்டோரா. ஏமாற்றலாம், ஆனால் ஒளிந்து ஏமாற்ற முடியாது.

அந்த டர்போவுக்கு ஒரு வேடிக்கையும் உண்டு. 400 வரை கொடுக்க விடுவான். ஆனால் மூலப் பதிப்பில் 255க்கு மேல் போனால் முன்னால் போகிற விசையை அழுத்தியதும் ஆள் பின்னால் ஓடுவார். ஓட்டத்தின் அளவு 50. அதை 255 சதவீதமாக்கினால் 127. பிளஸ், மைனஸ் குறியோடு கூடிய ஒரு பைட்டில் 127தான் உச்சம். 256 சதவீதத்தில் 128 ஆகி, மைனஸ் 128 என்று திரும்பிவிடும். பேராசைக்காரன் பின்னால் ஓடுவான்.

---

சைடுபாக் (ஞாயிறு, மாலை 4:18)

எங்கள் மேனேஜர் 256 போட்டிருக்கிறார் போல.

---

தூங்காநகரத்தான் (ஞாயிறு, இரவு 9:05)

எல்லாரும் வேகம் வேகம் என்கிறீர்கள். நம்மில் பலர் சின்ன வயதில் ஆடியதே மெதுவான ஆட்டம் என்று யாராவது யோசித்தீர்களா?

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 தடவை. இங்கே 'பால்' என்ற டிவி ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50. அந்தக் கால ஆட்டங்கள் பெரும்பாலும் திரை ஒரு தடவை வரையப்பட்டால் எல்லாரையும் ஒரு எட்டு நகர்த்து என்ற கணக்கில் எழுதப்பட்டவை. 50 துடிப்பில் ஓடினால் ஆறில் ஒரு பங்கு வேகம் போயிற்று. ஐரோப்பாவில் 1991இல் வந்த சோனிக்குக்கே இந்தக் கதி. உலகத்திலேயே வேகமான முள்ளெலி என்று விளம்பரம், வீட்டு டிவியில் 17 சதவீதம் மந்தம்.

நாம் டிவி கேம் என்று வாங்கிய டூப்ளிகேட் பெட்டிகளில் 50 துடிப்பில் ஓடியவை எல்லாம் இப்படித்தான். எங்கள் தெருவில் கான்ட்ராவின் முதல் கட்டப் பாட்டை வாயாலேயே பாடுவோம். போன வருடம் எமுலேட்டரில் 60இல் கேட்டபோது, ஏதோ கல்யாண வீட்டில் முகூர்த்தம் தவறப்போகிறது என்று நாதஸ்வரக்காரர் அவசரப்பட்ட மாதிரி இருந்தது. முதல் பாலத்திலேயே செத்தேன். அதில்தான் நான் தெருவுக்கே குருவாக இருந்தவன். (30 உயிர் கோடு தெரியும் என்பதால் வந்த பட்டம். மேல் மேல் கீழ் கீழ், மிச்சம் விரலுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது.)

---

பதினாறடிமானம் (ஞாயிறு, இரவு 10:40)

நகரத்தான் சொன்னது முக்கியம். திரையோடு கட்டிய கடிகாரம், செயலியோடு கட்டிய கடிகாரம் என்று இரண்டு நோய் உண்டு. பழைய பிசி ஆட்டங்களுக்கு இரண்டாவது. 4.77 மெகாஹெர்ட்ஸ் ஐபிஎம் பிசியை மனதில் வைத்து எழுதிய ஆட்டம், வேகமான கணினி வந்ததும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பழைய கணினிப் பெட்டிகளின் முகப்பில் டர்போ பொத்தான் இருந்ததே, அது வேகமாக்க வைத்தது என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். நிஜத்தில் அதன் பயன் மெதுவாக்குவதுதான். 1990இன் விங் கமாண்டரை 486இல் ஆடிய யாரையாவது கேளுங்கள், கண்ணீர் விடுவார்கள். இன்றைக்குப் பழைய பிசி ஆட்டங்களை ஓட்டுகிற டாஸ்பாக்ஸ் எமுலேட்டரில் கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். அவ்வளவுதான் வேலை.

மெதுவாக்கும் கதையில் இன்னொன்று. நின்டெண்டோவின் அட்வான்டேஜ் ஜாய்ஸ்டிக்கில் 'ஸ்லோ' என்று ஒரு பொத்தான் இருந்தது. உள்ளே பெரிய தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. ஸ்டார்ட் பொத்தானைப் படபடவென்று அழுத்திக்கொண்டே இருக்கும். ஆட்டம் நிறுத்தம், ஓட்டம், நிறுத்தம், ஓட்டம் என்று திக்கித் திக்கிப் போகும். ஸ்டார்ட் அழுத்தினால் பட்டியல் திறக்கிற ஆட்டமாக இருந்தால் வேடிக்கைதான்.

இந்த நோயே ஒரு தடவை வரமாகவும் ஆனது. ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1978, தைட்டோ நிறுவனம், டோமோஹிரோ நிஷிகாடோ. 55 எதிரிகள். திரை ஒரு தடவை வரையப்படும்போது ஒரே ஓர் எதிரியைத்தான் நகர்த்த முடிகிறது. 55 பேரும் ஓர் எட்டு வைக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி. சுடச்சுட ஆள் குறைகிறது, சுற்று சீக்கிரம் முடிகிறது, மிச்சமிருப்பவன் வேகமாகிறான். கடைசி ஒருவன் ஒவ்வொரு பிரேமிலும் ஓடுகிறான். செயலியின் போதாமைதான் அங்கே விறுவிறுப்பு. அப்புறம் வந்தவர்கள் இதைத் தெரிந்தே செய்தார்கள். பேக்மேனிலேயே 244 புள்ளியில் 20 மிச்சம் இருக்கும்போது சிவப்புப் பேய் முதல் கட்டத்தில் வேகம் பிடிக்கும். 10 ஆனதும் இன்னும் கொஞ்சம்.

---

ஹடூகென்_ஹரி (திங்கள், காலை 6:55)

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 பற்றி யாரும் பேசவில்லையே. அதில் கம்பெனியே ஹேக்கைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ரெயின்போ எடிஷன் என்று ஒரு திருட்டுப் பலகை ஆர்கேட்களில் சுற்றியது. வேகம் அதிகம், காற்றில் பறந்தபடியே நெருப்புப் பந்து விடலாம், சண்டை நடுவில் ஆளையே மாற்றலாம். கண்றாவி, ஆனால் கூட்டம் அங்கேதான் நின்றது. காப்காம் 1992 கடைசியில் ஹைப்பர் ஃபைட்டிங் என்று தாங்களே வேகமான பதிப்பை விட்டார்கள். ஆர்ட்டிக் மேல் வழக்கு, இங்கே பாடம். வேலைக்குப் போகிறேன், மாலையில் வருகிறேன்.

---

வைஸ்சிட்டி_வேலு (திங்கள், காலை 11:15)

எங்கள் பேட்சுக்கு வேகம் என்றால் ஒரே கோடுதான், வைஸ் சிட்டியில் ஆன்ஸ்பீட். பிரௌசிங் சென்டரில் அரை மணிக்குப் பத்து ரூபாய். சீட் கோடுகள் எழுதிய தாள் ஒன்று, நாலாக மடித்து ஓரம் கிழிந்து, கை மாறிக்கொண்டே இருக்கும். காசு குறைவாக இருப்பவன் ஆன்ஸ்பீட் போடுவான், அதே அரை மணியில் ஊர் முழுக்கச் சுற்றிவிடலாம் என்ற கணக்கு. அடுத்த திருப்பத்தில் வண்டி கடலில். ஊர் சுற்றியது கிடையாது, பத்து ரூபாயும் போயிற்று.

அதற்கு அடுத்த சான் ஆண்ட்ரியாஸில் அர்த்தமே இல்லாத எழுத்துக் கோவைகளாகக் கோடுகள் வந்தன, நினைவிருக்கிறதா? ஆட்டத்துக்குள் கோடுகளின் எழுத்தே கிடையாது, அவற்றைச் சுருக்கிய எண் மட்டும்தான் இருக்கிறது. ரசிகர்கள் எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டு, அதே எண்ணைத் தருகிற கோவையைப் பிடித்தார்கள். வேகத்துக்கான அசல் கோடு 'ஸ்பீட்இட்அப்' என்ற நேரான சொல். நாமெல்லாம் மனப்பாடம் செய்தது பூட்டுக்குப் பொருந்திய கள்ளச்சாவியை.

---

காசுபோட்டவன் (செவ்வாய், இரவு 9:30)

பதினாறடிமானம் தம்பி சொன்னதைக் கையாலேயே செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். முதல் நாள் படுதோல்வி. முதல் ரோம் கோப்பைத் திறந்து 6155ஆவது பைட்டைத் தேடினால் கோப்பே 4096 பைட்டில் முடிந்துவிட்டது. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

---

பதினாறடிமானம் (செவ்வாய், இரவு 9:41)

மன்னிக்கவும் அண்ணா, சொல்லியிருக்க வேண்டும். பலகையில் நாலு சில், ஒவ்வொன்றும் 4096. நீங்கள் திறக்க வேண்டியது இரண்டாவது. 6155இல் 4096ஐக் கழித்தால் 2059. இன்னொன்று 4093, கோப்பின் கடைசியிலிருந்து மூன்றாவது பைட். பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும்.

---

காசுபோட்டவன் (செவ்வாய், இரவு 11:02)

ஆயிற்று! 2059இல் நீங்கள் சொன்னபடியே 190, 202, 17, 24, 53, 201 வரிசையாக உட்கார்ந்திருந்தது. பார்த்ததும் மயிர்க்கூச்செறிந்தது என்றால் சிரிப்பீர்கள். வேண்டுமென்றே முதலில் 190ஐ மட்டும் 1 ஆக்கி ஓட்டினேன். எமுலேட்டர் கோப்பு சரியில்லை என்று எச்சரித்துவிட்டு ஓட்டியது, ஆனால் ஆட்டம் தன் பரிசோதனையிலேயே நின்றுவிட்டது. அப்புறம் 4093இல் 189 போட்டேன். எமுலேட்டர் மறுபடி முணுமுணுத்தது, ஆட்டம் வாயைத் திறக்கவில்லை. பேக்மேன் பறந்தார்.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். 190ஐயும் 189ஐயும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தாள். "சரி, இப்போ பேய்க்கு மட்டும் ஸ்பீடு வைங்க. அப்பா ஆடுங்க" என்கிறாள்.

பேயின் ரேஷன் அட்டை எந்த முகவரி?

---

பதினாறடிமானம் (செவ்வாய், இரவு 11:20)

அது ஒரு பைட்டில் முடிகிற வேலை இல்லை அண்ணா. கட்டத்துக்குக் கட்டம் மாறுகிற அட்டவணையிலிருந்து வருகிறது, சுரங்கப்பாதையில் போகும்போது ஓர் அட்டை, நீலமாகிப் பயந்து ஓடும்போது இன்னொன்று. கூட்டுத்தொகையும் ஒவ்வொரு தடவையும் நேர் செய்ய வேண்டும். பாப்பாவையே தாளும் பென்சிலும் எடுத்து வரச் சொல்லுங்கள், சனிக்கிழமை தனி இழை போடுகிறேன்.

---

சைடுபாக் (செவ்வாய், இரவு 11:24)

அண்ணா, 256 மட்டும் போட்டுவிடாதீர்கள்.